தூணோரப் பெட்டி

மண்ணைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு அரசாங்கம் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறது என்றால் சிரிக்கத்தான் தோன்றும். சிரிக்கிறவர்கள் மீட்டர் சாரைப் பார்த்ததில்லை. வார்ப்புப் பட்டறைக்குள் நுழைந்ததும், முதலாளிக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால், அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளுவார். உள்ளங்கையில் வைத்து இறுக்குவார். விரலைப் பிரித்துப் பார்ப்பார். கட்டி உடையாமல் நின்றால் ஒரு ‘ம்’. பொலபொலவென்று உதிர்ந்தால் இரண்டு ‘ம்’. அதற்குப் பிறகுதான் தோல் பையிலிருந்து ஈரம் அளக்கிற மீட்டர் வெளியே வரும். மீட்டர் சொல்வதும் அவர் கை சொன்னதும் ஒன்றாகவே இருக்கும். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேர் ஆபீஸ் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

சின்னப் பட்டறைகளும் பெரிய கம்பெனிகளோடு போட்டி போட்டுப் பிழைக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒரு தொழில்நுட்ப உதவித் திட்டம் வைத்திருந்தது. அதில் இவர் நிபுணர். இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றினால் நூறில் பத்துப் பொருள் ஓட்டையும் விரிசலுமாக வரும். அதை மூன்றாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் அதைச் செய்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்தார். மூட இருந்த பட்டறைகள் இவர் கை பட்டுத் தலைநிமிர்ந்திருக்கின்றன.

வீட்டில் மனைவிக்கு அவரிடம் இரண்டு குறைகள். ஒன்று, சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ். கெட்ட வார்ப்பில் குறி போடுவதற்கு. துவைக்கும்போது அது கரைந்து எல்லாத் துணியிலும் ஏறும். இரண்டாவது, தூக்கத்தில் பேசுவது. அதுவும் ஒரே வார்த்தை. “போதும், போதும்.” வாரத்துக்கு இரண்டு தரமாவது, பத்தொன்பது வருஷமாக.

“சாப்பிடறப்ப ஒரு நாளாவது இந்த வார்த்தை உங்க வாயில வந்திருக்கா?” என்று காலையில் அந்த அம்மாள் கேட்பார். “கனவுல மட்டும் யாருங்க உங்களுக்கு இவ்வளவு பரிமாறுறது?”

அவரும் கூடச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுவார்.

பேச்சில் மனிதர் கெட்டிக்காரர். தொழிலாளிகளுக்குப் பயிற்சி வகுப்பு என்றால் கூட்டம் வாய் பிளந்து கேட்கும். கடைசியில் ஒரு கதை சொல்லுவார். ஒரு உலைக்காரர் இருந்தாராம். உருகின இரும்பைச் சுமக்கிற லேடிலுக்கு உள்ளே புதிதாக மண் பூசினால் இரண்டரை மணி நேரம் நெருப்பில் காய வைக்க வேண்டும். அந்த ஆளுக்கு அவசரம். நாற்பது நிமிஷத்தில் எடுத்து இரும்பைப் பிடித்துவிட்டார். உள்ளே இருந்த ஈரம் வெடித்து அத்தனை இரும்பையும் அவர் மேலேயே வாரி இறைத்தது. “அவசரம் அவருக்கு, அழுகை அவர் பெண்டாட்டி பிள்ளைக்கு” என்று முடிப்பார். முன்வரிசையில் யாராவது ‘ச்சோ’ கொட்டுவார்கள். இந்தக் கதையை அவர் இருநூறு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த உலைக்காரருக்கு அவசரம் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது.

ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, அவர் அத்தனை வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவந்த ஒரே ஒரு பட்டறைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஏற்கெனவே இரண்டு சின்ன அதிகாரிகள் போய்க் கையைப் பிசைந்துகொண்டு திரும்பியிருந்தார்கள். பம்புக் கம்பெனிக்குப் போகிற வார்ப்பில் தினம் ஒன்றில், ஒரே இடத்தில், கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. எங்கெங்கேயோ நாலு ஓட்டை வந்தால் கம்பெனிக்காரன் கண்டுகொள்ள மாட்டான். ஒரே இடத்தில் தினம் வந்தால் பயப்படுவான். ஆர்டரை நிறுத்தப்போகிறேன் என்று கடிதமே எழுதிவிட்டான்.

“நீங்க போனாத்தான் சரிப்படும்” என்றார் மேலதிகாரி. மீட்டர் சார் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முதுகுவலி என்று சொல்லிப் பார்த்தார். அந்த முதுகை எத்தனை தரம் நம்புவார்கள்?

பட்டறை அவர் நினைவில் இருந்தபடியே இருந்தது. கரி ஏறின தகரக் கூரை, ஓட்டையில் இறங்குகிற வெயில், காலடியில் கறுப்பு மண். மண் இடித்து அச்சுப் பதித்த இரும்புச் சட்டங்களை அங்கே பெட்டி என்பார்கள். தினம் முப்பத்திரண்டு பெட்டி, நாலு வரிசை. எல்லா வரிசையும் நேராக இருக்க, ஒரே ஒரு பெட்டி மட்டும் தள்ளி, நடுத்தூணின் காலடியில் கிடந்தது. தூணின் மேல்பக்கம் ஒரு தகரப் பலகை: ‘அவசரத்தால் உயிரிழந்த உலைக்காரரை நினைவில் வை. நீயும் அப்படிச் சாகாதே.’ கீழே பேரும் தேதியும்.

மீட்டர் சார் பலகையைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தார்.

“அந்தப் பெட்டி ஏன் தனியா கிடக்கு?”

மண் அச்சுப் பதிக்கிற மோல்டர்களுக்கு மேஸ்திரி, மூக்குப்பொடிக் குரலில் ஒரு மனிதர், சொன்னார்: “அது அவரு பெட்டி சார். உலைக்காரரு விழுந்த இடம். அங்க நின்னு வேலை செய்ய யாருக்கும் மனசு வரல. இடத்தை சும்மா விடவும் பயம். அதான் ஒரு பெட்டி வச்சு தினம் வார்த்துடறோம். இவ்வளவு வருஷம் ஒழுங்காத்தான் வந்துச்சு. பத்து மாசமாத்தான் இப்படி.”

“தினம் ஒரே இடத்துல ஓட்டை அதுல மட்டும்தானா?”

“அதுல மட்டும்தான்.” மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். “ஊத்தறப்ப சத்தம் வேற கேக்கும். நீங்களே கேளுங்க.”

பிற்பகல் மூன்று மணிக்கு உலை திறந்தது. இரும்பு வெள்ளையாக இறங்கியது. முப்பத்தோரு பெட்டி மௌனமாகக் குடித்தது. தூணோரப் பெட்டியில் ஊற்றியதும் மண்ணுக்குள்ளிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது. சுட்ட நாக்கோடு ஒருவன் மூச்சை உள்ளே இழுப்பானே, அந்தச் சத்தம். பத்துப் பதினைந்து ஆண்கள் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் உடைத்துப் பார்த்தார்கள். அதே இடத்தில் ஓட்டை.

அவர் தன் வித்தை அத்தனையும் காட்டினார். பழைய மண்ணைக் கழித்துப் புது மண் சேர்த்தார். ஈரத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். இரும்பின் சூட்டை அளந்து ஊற்ற வைத்தார். ஒரே மாதத்தில் மற்ற பெட்டிகளில் கழிவு நூறில் பத்திலிருந்து இரண்டாக இறங்கியது. சின்ன முதலாளி, செத்துப்போன பெரிய முதலாளியின் மகன், ஆனந்தத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஆனால் தூணோரப் பெட்டி அசையவில்லை. அந்தப் பெட்டியை எடுத்து மூன்றாம் வரிசையில் வைத்து, மூன்றாம் வரிசைப் பெட்டியைத் தூணோரம் வைத்துப் பார்த்தார். மூன்றாம் வரிசைக்குப் போனது பழுதில்லாமல் வந்தது. தூணோரம் வந்தது ஓட்டையோடு வந்தது. தரையைத் தோண்டினார். காய்ந்து கிடந்தது. தன் கையாலேயே மண் இடித்து வைத்தார். அதிலும் ஓட்டை.

“நாங்க சொன்னா நம்புனீங்களா?” என்றார் மேஸ்திரி. “அவருக்கு ஏதோ குறை சார்.”

“குறையாவது கத்திரிக்காயாவது. போய் வேலையப் பாருய்யா” என்று எரிந்து விழுந்தார்.

ஏனென்றால் அன்று காலையில்தான் அவர் தூணில் அதைப் பார்த்திருந்தார். தன் நெஞ்சு உயரத்தில், சாக்பீஸால், சின்னதாக: 40.

யாரோ பெட்டிக் கணக்கு எழுதியிருப்பார்கள் என்று நினைத்தார். தினம் முப்பத்திரண்டு பெட்டிதானே? நாற்பது எங்கிருந்து வந்தது? உள்ளங்கையால் அழித்தார். மறுநாள் மத்தியானம் அதே இடத்தில் மறுபடி இருந்தது. அழித்தார். மூன்றாம் நாளும் இருந்தது. யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குப் போனால் மனைவி வேறு, “ரெண்டு நாளைக்கு ஒரு சாக்பீஸா? அத தின்னுறீங்களா என்ன?” என்று சட்டையை உதறிக்கொண்டிருந்தார்.

அந்த நாற்பதை யார் சொன்னது என்று அந்தப் பட்டறையில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார். இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பேர் பலகையில் தொங்கியது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே பட்டறையில் நடந்தது இதுதான். அன்றைக்குத் திட்டத்தில் எரிபொருளைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். தேய்ந்த பழைய பூச்சுள்ள லேடிலை நாற்பது நிமிஷம் காய்ச்சினால் போதும், இரண்டரை மணி நேரம் வீண் என்று இவர் கணக்குப் போட்டுச் சொன்னார். அது சரியான கணக்குதான். சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது உலைக்காரர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். “சார், நாளைக்கு எடுக்கப்போற லேடில் இன்னிக்குத்தான் புதுசா பூசினது. அதுக்கும் நாப்பது நிமிஷம் போதுமா சார்?” இவர் கேள்வியை முழுசாகக் காதில் வாங்கவில்லை. தெருமுனையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல், “போதும், போதும்” என்றார். அன்று ராத்திரி ஆபீஸ் அறிக்கையில் புத்தகத்தில் இருக்கிறபடி ஒழுங்காக எழுதினார்: புதிய பூச்சுக்கு இரண்டரை மணி நேரம். பேப்பர் சரியாக இருந்தது. விசாரணையில், “நீங்க வேற ஏதாவது சொன்னீங்களா?” என்று கேட்டபோது பேப்பரைக் காட்டினார். உலைக்காரர் மேல் அவசரக்காரன் என்று முத்திரை விழுந்தது. இவர் சர்வீஸில் ஒரு கறை இல்லை. பாவி, அதோடு விடாமல் அதைக் கதையாகவும் ஆக்கிவிட்டார்.

வார்ப்பின் உள் துவாரத்துக்காகப் பெட்டிக்குள் வைக்கிற மண் உருண்டையைக் கோர் என்பார்கள். அதைச் செய்து, அடுப்பில் காய வைத்து, தட்டில் அடுக்கி, பெட்டி மூடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் வைக்கிற அம்மாளை எல்லாரும் கோர் அக்கா என்றார்கள். ஐம்பது வயது இருக்கும். அளந்து பேசுகிற பெண். அவர்தான் உலைக்காரரின் மனைவி என்று இரண்டாவது நாளே மேஸ்திரி சொல்லிவிட்டார்.

“ஒரே பையன் சார். இந்தத் தெருப்பக்கமே வர்றதில்ல. எப்படி வருவான்? அப்பன் மானம் பலகையில தொங்குதே. பள்ளிக்கூடத்துலயே ‘அவசரக்காரன் மவன்’னு கூப்பிட்டாங்களாம். அந்தப் பலகைய எடுங்கன்னு அக்கா பெரிய முதலாளிகிட்ட கேட்டுச்சு. அவரு எடுக்கல. அதுக்கப்புறம் கேக்கறத விட்டுடுச்சு.”

அதிலிருந்து மீட்டர் சார் அந்த அம்மாள் இருக்கிற பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார். ஆனால் கோரையும் சோதித்துத்தானே ஆகவேண்டும்? அடுப்பிலிருந்து எடுத்ததை மீட்டரில் வைத்தார். துளி ஈரம் இல்லை. “நல்லா காஞ்சிருக்கும்மா” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

“ஒரு சந்தேகம் சார்.”

“சொல்லுங்க.”

“நான் ரெண்டு மணி நேரம் காய வைக்கறேன். எரிபொருள் வீண்தானே?” தட்டில் கோரை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். “நாப்பது நிமிஷம் போதாதா சார்?”

அவருக்கு உயிர் போய் வந்தது. மீட்டர் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. குனிந்து எடுத்தபோது அந்த அம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். தற்செயலாகக் கேட்டிருக்கலாம். நாற்பது என்பது யார் வாயிலும் வருகிற எண்தானே? இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மூன்று மணிக்குத் தூணோரப் பெட்டி மறுபடி மூச்சை இழுத்தது. இந்த முறை அது வெறும் சத்தமாக அவருக்குக் கேட்கவில்லை. ‘போதுமா சார்’ என்று கேட்டது.

கடைசி நாள் வந்தது. வேலை தொடங்குவதற்கு முன்னால் பயிற்சி வகுப்பு. முப்பது பேர் கவிழ்த்த சட்டங்களின் மேல் உட்கார்ந்தார்கள். சின்ன முதலாளி காதருகே வந்தார்.

“சார், அந்த உலைக்காரர் கதையச் சொல்லுங்க. உங்க ஆபீஸ் பயிற்சி சென்டர் வகுப்புல கேட்டிருக்கேன். நம்ம பட்டறையில நடந்ததுதானே? இங்க சொன்னா நல்லா உறைக்கும்.”

முன்வரிசையில் கோர் அக்கா மடியில் தட்டோடு இருந்தார்.

“பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி,” என்று ஆரம்பித்தார், “இதே இடத்துல ஒரு உலைக்காரர் இருந்தார். அவருக்கு அவசரம்…”

அப்போது முதுகுக்குப் பின்னால், தூணடியில், ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்டது.

உலை இன்னும் மூட்டவே இல்லை. பட்டறையில் ஒரு சொட்டு உருகின இரும்பு கிடையாது. கூட்டத்தைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. அவருக்கு மட்டும்தான் கேட்டது. அந்த மூச்சு நிற்காமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, முழுசும் இழுத்துவிட்டு ஏதோ சொல்லப்போகிற மாதிரி.

“அவசரம் அவருக்கு இல்ல” என்றார் மீட்டர் சார். “எனக்கு.”

சத்தம் நின்றது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். புதுப் பூச்சு, பஸ், திரும்பிப் பார்க்காமல் சொன்ன ‘போதும்’, விசாரணையில் காட்டின பேப்பர், இருநூறு கூட்டத்தில் சொன்ன கதை. யாராவது கையில் கிடைத்ததை எடுத்து அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி மட்டும், “அட பாவமே, அந்த மனுஷன் கேட்டுட்டுத்தான் செஞ்சாரா?” என்றார். பத்தொன்பது வருஷம் அந்தப் பலகைக்குக் கீழே வேலை பார்த்த மனிதர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

கோர் அக்கா அழவில்லை. தட்டிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துக் கீழே வைத்தார். அதில் தண்ணீர் இருந்தது.

“பெட்டி மூடறதுக்கு முன்னாடி ஒரு விரல் தண்ணி” என்றார். “கோர் மேல, ஒரே இடத்துல. அவரு பெட்டியில மட்டும்.”

சின்ன முதலாளி துள்ளி எழுந்தார். “அக்கா! நீங்களா? ஒரு வருஷமா நான் தூங்காம…”

“ஒரு நாளைக்கு ஒண்ணுதான்பா கெடுத்தேன். கம்பெனிக்காரன் பயந்தா சர்க்கார் ஆள் வரும்னு தெரியும். வருஷம் முடிஞ்சா இவரு ஓய்வுல போயிடுவாருன்னு சென்டர்ல விசாரிச்சு வச்சிருந்தேன். ரெண்டு பேரு வந்தாங்க, இவரு இல்ல. இவரு வர்ற வரைக்கும் வச்சேன்.” மீட்டர் சாரைப் பார்த்தார். முதன்முறையாக நேராகப் பார்த்தார். “அன்னிக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டாந்துட்டு அந்தத் தூணுக்குப் பின்னாடிதான் நின்னேன் சார். அவரு கேட்டதும் கேட்டுச்சு, நீங்க சொன்னதும் கேட்டுச்சு. பெரிய முதலாளிகிட்ட சொன்னேன். எழுத்துல இருக்கான்னு கேட்டாரு. எங்கிட்ட எழுத்து இல்ல.”

மீட்டர் சார் தன் பையிலிருந்து அறிக்கைப் படிவத்தை எடுத்தார். ‘பழுதுக்குக் காரணம்’ என்ற கட்டத்தில் எழுத ஆரம்பித்து, கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். தன் முழுப் பேரைப் போட்டுக் கையெழுத்திட்டார். மூன்று வாரத்தில் ஓய்வு. இது மேலே போனால் என்னவெல்லாம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். எழுதும்போது அது நினைவுக்கே வரவில்லை, முடித்த பிறகுதான் வந்தது.

காகிதத்தை நீட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். “தூண்ல அந்த நாப்பதை எழுதினதும் நீங்கதானேம்மா?”

அந்த அம்மாளின் முகம் மாறியது. “நானா? எனக்கு எழுத வருமா சார்? நீங்க வந்து ஒரு மாசம் கழிச்சுப் பாத்தேன். என்னன்னு மேஸ்திரிகிட்ட கேட்டேன். நாப்பதுன்னாரு. நீங்கதான் மனசு கேக்காம எழுதி எழுதி அழிக்கறீங்கன்னு இருந்தேன்.”

மீட்டர் சார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். காலையில் முழு சாக்பீஸ் போட்டுக்கொண்டு வந்தது நன்றாக நினைவிருந்தது. பாதிதான் இருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் வெள்ளையாக இருந்தன. இன்றைக்கு இன்னும் ஒரு வார்ப்பிலும் குறி போடவில்லை. தூணைப் பார்த்தார். 40 என்று இருந்தது. எண் தன் கையெழுத்தா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

“படிங்க சார்” என்றார் கோர் அக்கா, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினார்.

“எனக்கில்ல. எனக்குத் தெரியும்.” தூணைக் காட்டினார். “அங்க பாத்துப் படிங்க.”

படித்தார். வெறும் தூணைப் பார்த்து, முன்பக்கமும் பின்பக்கமும், கையெழுத்துவரை படித்தார். அதற்குள் மேஸ்திரி ஏணி போட்டு ஏறிப் பலகையின் ஆணியைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். துருவேறின ஆணி, லேசில் வரவில்லை. மீட்டர் சார் தூணை விட்டு நகரவில்லை. படித்து முடித்த பிறகும் அங்கேயே நின்று, காய்ந்த உதட்டை நனைத்துக்கொண்டு, “போதுமா?” என்று கேட்டார்.

தூணடியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார்.

“எங்கிட்ட கேக்காதீங்க சார்” என்றார் கோர் அக்கா. டப்பாவில் இருந்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்து, தட்டிலிருந்து நன்றாகக் காய்ந்த கோர் ஒன்றை எடுத்து, முந்தானையால் தூசி தட்டி, தூணோரப் பெட்டிக்குள் வைத்தார்.